இரண்டாம் மணி

நவம்பர் 6, புதன்

இந்த டைரி ஒரு நகைக்கடைக்காரன் கொடுத்தது. முதல் பக்கத்தில் அவனும் அவன் பெண்டாட்டியும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மதுரை டாக்டர்தான் எழுதச் சொன்னார். "வீட்டுல படிச்சவங்க யாராவது இவர் தினமும் என்ன செய்யிறாருன்னு எழுதி வைங்க" என்றார். என்னைத் தாண்டி என் மருமகள் வனஜாவைப் பார்த்துச் சொன்னார். அவள் எம்.காம். ஒரே ஒரு நாள் எழுதினாள், அதுவும் ஒரு வார்த்தை. 'நார்மல்.' எம்.காம். படிப்பில் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்த வகுப்பில் சொல்வதெழுதுதலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, வாத்தியார் மகனையும் சேர்த்துத்தான்.

இவர் என் வீட்டுக்காரர். பெயர் எழுத மாட்டேன். கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை நடத்தியவர். மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. மூளை சுருங்குகிறது என்கிறார்கள். கடையை இப்போது மகன் குமரகுரு பார்க்கிறான். கண்ணாடி, ஏசி, வாசலில் தலையில்லாத பொம்மை என்று என்னென்னவோ வைத்திருக்கிறான்.

தீபாவளிக்கு மறுநாள் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று இறங்கினார். சாயங்காலம் சங்கரன்கோவிலிலிருந்து போன் வந்தது. பஸ் ஏறிப் போய், அங்கே எவனோ ஒருவன் ஜவுளிக்கடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாராம். "பெரியவர் நல்லா மடிக்காக. அதான் நாங்க ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தோம்" என்றான் போனில் பேசியவன்.

எத்தனையோ பேருக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி, அடுத்தவன் கடையில் மடிப்புக்கு உட்கார்ந்திருக்கிறார். அந்த டீயை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கேட்டைப் பூட்டியாகிவிட்டது. சாவி என்னிடம் ஒன்று, தனி வீட்டில் இருக்கிற குமரகுருவிடம் ஒன்று. வனஜாவிடம் கிடையாது.

நவம்பர் 7, வியாழன்

பூட்டு மட்டும் போதாது. பூட்ட மறந்தால்? நான் மறக்க மாட்டேன், மற்றவர்கள் மறப்பார்கள்.

ஸ்டோர் ரூமில் கடையின் பழைய வெண்கல மணி கிடந்தது. இவர் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருந்தது. கடையை இடித்துக் கட்டியபோது குமரகுரு அதைப் பழைய சாமான் கடைக்குப் போடப் பார்த்தான். பழைய ஆள் சுடலைமுத்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். ஆட்களை அடக்க வைத்திருந்த மணி என்று கேள்வி. எனக்கு அவ்வளவுதான் தெரியும். முதலாளி வீட்டுப் பெண்கள் கடைப்படி மிதிக்கக் கூடாது என்று என் மாமியார் சட்டம் போட்டிருந்தாள். வேண்டிய சேலை மூட்டையாக வீட்டுக்கு வரும், அதில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முன் வராந்தாவில் மாட்டினேன். மணி நாக்கிலிருந்து ஒரு கயிறு கேட்டுக்குப் போகிறது. திறந்தால் இழுக்கும், ஒரு 'டங்'. மூடினால் சத்தமில்லை. இவர் திறந்தாலும் தெரியும், திருடன் திறந்தாலும் தெரியும்.

மாட்டி முடித்ததும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சட்டென்று தலையைத் தூக்கினார். காது மட்டும் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 9, சனி

காலையில் பால்காரனுக்குக் கேட்டைத் திறந்தபோது இவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பாதியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தோள் துண்டை எடுத்து நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது.

காப்பித்தூள் மாற்றியதும் வனஜாதான். சிக்கரி வாடை அடிக்கிறது. எந்த மனிதன் குடிப்பான்?

நவம்பர் 12, செவ்வாய்

எதிர்வீட்டு பாப்பாத்தி வல்லாரைக் கீரையோடு வந்தாள். கூடவே இரக்கத்தையும் கொண்டுவந்தாள். அதுதான் அதிகமாக இருந்தது.

"மைனி, அண்ணாச்சி ரொம்பத் தளந்துட்டாகளே."

"உன் வீட்டுக்காரர் மட்டும் ஓடிக்கிட்டா இருக்காரு?"

"இல்ல மைனி, நான் வரும்போது எந்திரிக்கப் போனாக. பாதி எந்திரிச்சு, அப்படியே உக்காந்துட்டாக. இப்பப் பாருங்க, பேப்பர மடிச்சுக்கிட்டு இருக்காக."

"உன்னைப் பார்த்தா யாருக்குத்தான் எந்திரிக்கத் தோணும்?"

போய்விட்டாள். கீரையை வைத்துவிட்டுப் போனாள். ஆய்ந்து துவையல் அரைத்தேன். கீரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

மதுரை டாக்டர். மணிக்கணக்காக வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே போனதும் பள்ளிக்கூடப் பரீட்சை. இன்னைக்கு என்ன தேதி, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிங்க. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து இந்த டாக்டர் என்ன செய்யப் போகிறாரோ.

இவர் டாக்டரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, இது ஒடம்புல ஒட்டும். பருத்தி எடுத்துப் போடுங்க, உங்க ஒடம்புக்கு நல்லா நிக்கும்" என்றார்.

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். சட்டையைப் பற்றி இவர் சொன்னது சரி.

மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். வழியில் சாத்தூரில் கார் நின்றது. இவர் வடை கேட்டு வாங்கித் தின்றார். இன்னொன்று கேட்டார். வண்டியில் வெளியே பார்த்துக்கொண்டே கடைப் பலகையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் குமரகுரு கேட்டைத் திறந்தான். அதோடு ஊமை. ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வடை நெஞ்சைக் கரிக்கிறதோ என்னவோ. ரோட்டோரத்து எண்ணெய் அப்படித்தான்.

நவம்பர் 18, திங்கள்

ஆள் நடமாட்டம்தான் இவருக்கு ஆகவில்லை போலிருக்கிறது, வேலைக்காரியை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு இவரைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன். டி.வி.யை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டேன், அதில் வருகிறவர்களோடு பேச ஆரம்பிக்கிறார். உறவுக்காரர்கள் யாரும் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வந்து என்ன செய்கிறார்கள்? "என்னைத் தெரியுதா மாமா, நான் யாரு சொல்லுங்க" என்று ஆளாளுக்கு ஒரு பரீட்சை. தெரிந்துகொள்ளும்படி இவர்கள் என்ன பெரிய ஆட்களா?

குமரகுருவை மட்டும் தடுக்க முடியாது. கடைக்குப் போகும்போது அப்பா இட்லி சாப்பிடுகிற நேரம் பார்த்து வருகிறான். மதியம் சாப்பாட்டு நேரம் பார்த்து வருகிறான். கடை அடைத்துவிட்டு வருகிறான். "அப்பா சாப்ட்டாகளாம்மா?" என்று கேட்டைத் திறக்கும்போதே கேட்பான். பெற்ற கடனுக்கு அவன் ஒருவன்தான் ஒழுங்கு.

இவர் ஒரு வாய் வாங்குவார், பிறகு கையை எடுத்துவிடுவார். நான் ஊட்டினாலும் வாய் திறப்பதில்லை. கைத்துண்டை மடிக்கிறார், இலை நுனியை மடிக்கிறார். மடித்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதற்கோ காத்துக்கொண்டிருக்கிற முகம். பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி.

நவம்பர் 22, வெள்ளி

இன்று என்னைப் பார்த்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றார்.

இவரைவிட நான் ஏழு வயது சின்னவள். யாருக்கு யார் அக்கா?

காது கேட்காத மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன். டாக்டருக்கு இது தேவையில்லாத விஷயம்.

நவம்பர் 25, திங்கள்

குமரகுருவும் வனஜாவும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து வந்தால் ஏதோ வினை என்று அர்த்தம்.

இவர் உடம்பு பாதியாகிவிட்டதாம். சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி தொங்குகிறதாம். கோயம்புத்தூர் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு ஹோம் இருக்கிறதாம். சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊற்றுவார்களாம். வனஜா போனில் படம் காட்டினாள். வரிசையாகக் கட்டில், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பச்சை விரிப்பு.

"பூனையெல்லாம் வளக்காங்க அத்தே. பெரியவங்க மனசுக்கு நல்லதாம்."

"உங்க மாமாவுக்குப் பூனையைக் கண்டா ஆகாது."

"அது அப்போ அத்தே."

அது அப்போவாம். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியது நான். பூனை ஆகுமா ஆகாதா என்று எம்.காம். சொல்கிறது.

குமரகுரு தரையைப் பார்த்தபடி, "கார்த்திகை தீபம் முடியட்டும்மா. அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சிட்டாகன்னா வேண்டாம். இல்லேன்னா நம்ம கண்ணு முன்னாலயே…" என்று பாதியில் நிறுத்தினான்.

"சாப்பிடுவார்" என்றேன்.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் இவர். வனஜாவின் போனை உற்றுப் பார்த்துவிட்டு, "விரிப்பு மில் துணி" என்றார்.

நவம்பர் 28, வியாழன்

சாப்பிடவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கோமதி வந்திருக்கிறாள், குமரகுருவின் மகள். பெங்களூரில் ஆராய்ச்சி. ஆறு வருஷமாக எலி மேய்க்கிறாள். இவள் வயதில் எனக்கு இரண்டு பிள்ளை. இவளுக்கு இருநூறு எலி.

வந்தவள் கேட் கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "ஆச்சி, இது நம்ம கடை மணில்லா!" தாத்தாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குப் போய், கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்கு மட்டும் சட்டம் கிடையாது, பேத்தி.

மத்தியானம் நான் முறுக்கு எடுத்து வைத்தேன். இவர் ஒன்றை எடுத்து மெள்ளக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கோமதியிடம் கேட்டேன்.

"ஏட்டி, அப்படி என்னதான் படிக்கே அந்த எலிகிட்ட? ஆறு வருசத்துல நானே எலி பாஷை பேசியிருப்பேன்."

"சொன்னா கேப்பீகளா ஆச்சி, இல்ல நடுவுல ஏசுவீகளா?"

"ரெண்டும்."

"தீபாவளி யாவாரத்துல நம்ம கடையில என்ன நடக்கும்? ஒரு அம்மாவுக்கு இருபது சேலை பிரிச்சுப் போடணும். பிரிச்சது மலையா குமிஞ்சிரும். மடிக்கிறவுக கை பத்தாது. அப்ப தாத்தா என்ன செய்வாக?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன கடைக்கா போனேன்?"

"மணிய ஒரு தட்டுத் தட்டுவாக. அம்புட்டுதான். அதுக்கு மேல அலமாரியிலருந்து ஒரு சேலை எறங்கக் கூடாது. கையில இருக்கத அப்படியே வச்சுட்டு எல்லாரும் உக்காந்து மடிக்கணும். கிழிஞ்சது, கறை பட்டது தனியா போயிரும். எல்லாம் மடிச்சு முடிஞ்சதும் தாத்தா ரெண்டு தட்டு. டங் டங். மறுபடி யாவாரம் ஓடும். ரெண்டாவது மணி அடிக்காம ஒருத்தர் நகரக் கூடாது. ஒரு தீபாவளிக்குத் தாத்தா ஒரு மணி அடிச்சுட்டு, ஏதோ போன் வந்து பின்னால போயிட்டாக. மடிச்சு முடிச்சும் அத்தனை பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாக. வந்த கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிருச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"முட்டாப் பயலுக."

"இல்ல ஆச்சி, பழக்கம். இப்ப கேளுங்க. நம்ம மூளையில இருக்க ஒவ்வொரு செல்லும் அப்படி ஒரு கடை. புரதம்னு ஒண்ணு செஞ்சு, மடிச்சு மடிச்சு அனுப்பிக்கிட்டே இருக்கும். மடிப்புத் தப்பினது குமிஞ்சா அதுவும் ஒரு மணி அடிக்கும். புதுசு செய்யாத, முதல்ல இருக்கத மடி, ஆகாதத தூக்கிப் போடுன்னு. நல்ல மணிதான் அது. அது இல்லேன்னா செல்லு அன்னைக்கே மூழ்கிரும்."

"அப்புறம் என்ன கேடு?"

"தாத்தாவுக்கு வந்த மாதிரி நோயில குமியிறது கொறையவே மாட்டேங்கு. அதனால ரெண்டாவது மணி அடிக்கவே மாட்டேங்கு. நின்னது நின்னபடி நிக்கும். ஒரு செல்லு பக்கத்துச் செல்லோட பேசணும்னா தெனமும் புதுச் சரக்கு வேணும். அது வராம பேச்சு அறுந்து போயிரும். ஞாபகம்னா அந்தப் பேச்சுதான். கடைசில செல்லும் போயிரும். நோய்க்கு வேற காரணமும் இருக்கு, இது ஒண்ணுதான்னு சொல்லல. ஆனா காப்பாத்த வந்த மணியே கொல்லுது பாத்தீகளா, அதத்தான் ஆச்சி நான் படிக்கேன். எலிக்கு மருந்து குடுத்து அந்த ரெண்டாவது மணிய அடிச்சுப் பாக்கோம். சில எலிக்கு மறந்தது திரும்பி வருது."

"எலிக்கு ஞாபகம் வந்து என்னட்டி ஆகப்போவுது? எந்த வீட்டுல எந்தப் பானையில அரிசி இருந்துச்சுன்னு நெனவு வரும். அதுக்கா ஆறு வருசம்?"

சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் அழுகை இருந்தது.

"மனுசருக்கு எப்ப?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல ஆச்சி. நேரந்தப்பி அடிச்சா மோசமாயிரும். குமிஞ்சது குமிஞ்சபடி இருக்க, யாவாரத்தத் தொடங்கின மாதிரி."

"அப்ப தாத்தாவுக்கு ஒண்ணும் கெடையாது."

அவள் பதில் சொல்வதற்குள் கேட் மணி அடித்தது. வனஜா. குமரகுருவின் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கோமதி அம்மாவைப் பார்க்க எழுந்து ஓடினாள்.

இவர் கையில் பாதி முறுக்கு. அதைத் தட்டில் வைத்தார். துண்டை எடுத்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

வாசலில் அம்மாவும் மகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குமேல் இன்று எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 2, திங்கள்

வராந்தாவில் இருந்த மணியைக் கழற்றிவிட்டேன். களிம்பு ஏறிப் பச்சையாகப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. நாலு பேர் வந்து போகிற வாசலில் இப்படி ஒன்றைத் தொங்கவிட்டால் வீட்டுக்காரியைத்தான் சொல்வார்கள்.

கழற்றுவதற்கு முன்னால் பால்காரன் வந்து போயிருந்தான். ஒரு 'டங்'. இவர் டம்ளரை வைத்துவிட்டு, துண்டை மடித்துவிட்டு, உட்கார்ந்திருந்தார்.

புளி போட்டுத் துலக்கினேன். நன்றாக வந்தது. சத்தம் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இவர் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினேன். டங் டங்.

இவர் ஒரு பெருமூச்சு விட்டார். டம்ளரை எடுத்தார். ஆறிப்போன காப்பியை மடமடவென்று குடித்தார். குடித்துவிட்டு யாரும் இல்லாத சுவரைப் பார்த்து, "எடுங்கப்பா, எடுங்க. ஆளு நிக்காக பாருங்க" என்றார்.

இட்லி வைத்தேன். சாப்பிட்டார். இன்னும் வைத்தேன், சாப்பிட்டார். சட்னி தீர்ந்துவிட்டது.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். சட்னி அரைக்க வேண்டும்.

(பிறகு) மணியின் சத்தம் கெடவில்லை. நல்ல வெண்கலம்.

டிசம்பர் 5, வியாழன்

வேளைக்கு வேளை சாப்பிடுகிறார். குமரகுரு நம்ப முடியாமல் தட்டையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறான். "புது மாத்திரை வேலை செய்யுதும்மா. அந்த டாக்டர் பெரிய ஆளுதான்" என்கிறான். வனஜா டாக்டருக்குப் போனில் நன்றி அனுப்பினாளாம். கும்பிடுகிற கை படம் ஒன்று திரும்பி வந்ததாம்.

இருக்கட்டும். பெயர் டாக்டருக்கே போகட்டும். எனக்குப் பெயர் தேவையில்லை.

கோமதி மட்டும் வராந்தாவில் போய் நின்று, வெறும் ஆணியைப் பார்த்தாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி, மணி எங்க?"

"களிம்பு ஏறிப்போச்சு."

"ஆமா, ஏறித்தான் இருந்துச்சு" என்றாள். ராத்திரி தோசை சுடும்போது பின்னால் வந்து என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தோசை தீய்ந்தது. ஏசினேன்.

"தாத்தாவுக்கு குணமாயிரும்னு மட்டும் நெனச்சிராதீக ஆச்சி. உள்ள கலைஞ்சது கலைஞ்சதுதான். சாப்பிடுவாக, பேசுவாக. ஆனா கொறஞ்சுக்கிட்டேதான் போகும்."

"எனக்குத் தெரியாதா? போய் உன் எலியைப் பாரு."

டிசம்பர் 8, ஞாயிறு

கோமதி ஊருக்குப் போய்விட்டாள்.

ஹோம் பேச்சு குறைந்திருக்கிறது, முடியவில்லை. நேற்று இவர் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டே நின்றார். "கடை தொறக்கணும், சாவி எங்க?" என்று கேட்டார். இன்றும் அதே. வனஜா பார்த்துவிட்டாள். "இப்படி உலுக்கிக் கீழ விழுந்தா என்ன செய்ய அத்தே? அங்கன்னா ஆள் இருப்பாங்க" என்றாள். குமரகுரு மறுத்துச் சொல்லவில்லை.

கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தது தெரிந்தது.

"கஸ்டமர் முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா அத்தே? நம்ம கடைக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"அந்தப் பேரை யாரு வாங்கிக் குடுத்தா? வாசல்ல நிக்கிற தலையில்லாத பொம்மையா?"

சங்கரன்கோவில் கடைக்காரனுக்கு இல்லாத பயம் இவளுக்கு. அவன் பாட்டுக்கு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான்.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை தீபம்

காலையிலேயே இவருக்கு வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக் கூட்டிப்போனேன். மணியைத் துண்டில் சுற்றி என் கூடையில் வைத்துக்கொண்டேன். விளக்குக்குப் புது எண்ணெய் வாங்கவும் கூடை தேவைப்பட்டது.

ஐம்பது வருஷத்தில் இன்றுதான் கடைப்படி ஏறினேன். உள்ளே ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு "வெல்கம் மேடம்" என்றார்கள். யார் மேடம்? குமரகுரு கல்லாவிலிருந்து பதறி எழுந்தான். நல்லவேளை, கைத்தறிப் பிரிவில் மட்டும் மெத்தை விரித்துக் கீழே உட்கார்கிற பழக்கத்தை இன்னும் விட்டுவைத்திருக்கிறான். அங்கே சுடலைமுத்து இருந்தான். இவரைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். நகர்ந்து இடம் விட்டான்.

இவர் செருப்பைக் கழற்றி, வேட்டியை ஒதுக்கி, கடைக்காரர் இடத்தில் உட்கார்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க."

உட்கார்ந்தேன். கால் வலித்தது.

"பட்டா, கைத்தறியா?"

"கைத்தறி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

"கோபப்படாதீக. மகளுக்கு எடுக்க வந்திருப்பீகளோன்னு கேட்டேன்."

கையை நீட்டினார். சுடலைமுத்து அடுக்கிலிருந்து எடுத்துப் போடப் போட, பிரித்தார். வீட்டில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் நிற்கிற கை, ஒரு உதறலில் முந்தானை வரைக்கும் விரித்தது. நீலம், பச்சை, ராமர் கலர். எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். உண்மையில் சில பிடித்திருந்தன, ஆனால் உடனே சரி என்பவளை எந்தக் கடைக்காரனும் மதிக்க மாட்டான்.

கடைசியில் மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அதைத் தன் தோளில் போட்டுக் காட்டினார்.

"இதுதான் உங்களுக்கு."

"எங்க வீட்டுல எனக்கு எப்பவும் பாக்குக் கலருதான் வரும். இல்லேன்னா சாம்பல்."

"யாரு எடுத்துத் தாராக?"

"வீட்டுக்காரர்."

"என்ன தொழில்?"

"ஜவுளிக்கடை."

வாய்விட்டுச் சிரித்தார். மூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

"அப்ப அது விக்காத சரக்குக்கா! கடைக்காரன் பொண்டாட்டி என்னைக்கு நல்ல சேலை கட்டியிருக்கா?"

சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. மூட்டை கட்டி அனுப்பியவனே அவன்தானே. ஐம்பது வருஷம் பாக்குக் கலர் எனக்குப் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவுகளக் கூட்டிட்டு வாங்க. நான் பேசுதேன்" என்றார்.

"வரமாட்டார். திமிர் பிடிச்சவர்."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி. "வாயத் தொறந்தா ஊர்ல ஒருத்தர் மிச்சம் கெடையாது. அவளுக்கு நல்லதா ஒண்ணு எடுத்துட்டுப் போகணும்னுதான் பாக்கேன். மறந்து மறந்து போவுது."

நான் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நெசவு.

அதற்குள் பக்கத்தில் வேறு பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் பேசுகிறதைக் கேட்டு ஆளுக்கொன்று காட்டச் சொன்னார்கள். இவர் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். முழங்கால் உயரத்துக்குக் குமிந்துவிட்டது. இவர் கை நின்றது. மேலே பார்த்தார், மணி இருந்த இடம். அங்கே இப்போது குழல்விளக்கு. கை தூக்கினபடியே நின்றது. முகத்தில் வெளிச்சம் குறைந்தது. அந்தப் பஸ்ஸுக்கு நிற்கிற முகம். வனஜா கல்லாப் பக்கமிருந்து குமரகுருவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

கூடையிலிருந்து மணியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

யூனிபார்ம் பிள்ளைகள் விழித்தார்கள். சுடலைமுத்து அந்த வயதில் சடாரென்று மண்டி போட்டு உட்கார்ந்தான். "மடிங்கட்டி! எல்லாரும் மடிங்க!" என்று கத்தினான். இவர் மடித்தார். பிள்ளைகள் மடித்தார்கள். என் முன்னால் கிடந்ததை நானும் மடித்தேன். கடையே மூச்சுப் பிடித்த மாதிரி இருந்தது. கடைசிச் சேலை அடுக்கில் ஏறியதும் இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இவரும் சுடலைமுத்துவும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு தட்டுத் தட்டினேன்.

"எடுங்கப்பா, எடுங்க" என்றார் இவர். "ஆளு நிக்காக."

குமரகுரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏசியில் கண்ணாடி மங்கும்.

சாயங்காலம் வாசலில் விளக்கு வைத்தேன். கோயம்புத்தூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து காலையில் அப்பாவைக் கடைக்குத் தானே கூட்டிப்போவதாகக் குமரகுரு சொன்னான். மணியைக் கல்லாவுக்கு மேலே மாட்டச் சொன்னேன். பூட்டை எடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ராத்திரிக்குப் பூட்டுவேன்.

டிசம்பர் 14, சனி

மஞ்சள் சேலையைக் கட்டினேன். இவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"ஒரு கடைக்காரன். பேசியே தலையில கட்டிட்டான்."

முந்தானையை விரலால் நெருடிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏமாத்தல. நல்ல சரக்கு" என்றார்.

டாக்டருக்கு: நார்மல்.